எந்தப் பக்கத்தில் விரைந்தோம்?



கருத்தரங்கின் தலைமை உரையில் துறையின் வரலாற்றைத் தொகுத்துச் சொல்வது வழக்கம். அந்த வேலையைக் கட்டுரையாளர்கள் நன்றாகவே செய்வார்கள். நான் ஒன்றை மட்டும் வேண்டிக்கொள்ள வந்திருக்கிறேன். பால்புதுமையரின் வாழ்வைச் சொல்லும் கதைகளைப் படிக்கையில் உங்களுக்குள் என்ன நடந்தது என்பதை ஆய்வுக்கு வெளியே நிறுத்திவிடாதீர்கள். கூச்சம் வந்ததா, கோபம் வந்ததா, பொறாமை வந்ததா, எந்தப் பக்கத்தை வேகமாகக் கடந்தீர்கள், எதை இரண்டாம் முறை படித்தீர்கள் என்பதெல்லாம் இத்துறையில் சான்றுகள்தாம்.

இப்படிக் கேட்பது தமிழுக்குப் புதிதல்ல. கவிதை நம் உடம்பில் எப்படித் தெரியவரும் என்பதற்காகவே தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என ஓர் இயல் இருக்கிறது. எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்வதோடு அது நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்காகப் பகுத்தும் காட்டுகிறது. நகை பிறக்கும் இடங்களில் எள்ளல் முதலில் நிற்கிறது. உவகை பிறக்கும் இடங்களில் விளையாட்டும் ஒன்று. அச்சம் பிறக்கும் இடங்களில் இறையும் ஒன்று. ஆளும் அதிகாரம் என்று அதைக் கொள்ளலாம். நான் சொல்லப்போகும் கதைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குக் கிடைத்ததில்லை.

ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ 1994-இல் வந்தது. கொழும்பில் பிறந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்தவர் ஆங்கிலத்தில் எழுதிய, ஒன்றோடொன்று பிணைந்த ஆறு கதைகள். முதல் கதையில் ஞாயிற்றுக்கிழமை. பேரப்பிள்ளைகள் எல்லாம் தாத்தா பாட்டி வீட்டில் விடப்படுகிறார்கள். பையன்கள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அர்ஜி மட்டும் பெண்பிள்ளைகளோடு சேர்ந்து கல்யாண விளையாட்டு ஆடுகிறான். அதில் மணப்பெண் அவன்தான். சேலை சுற்றி, பூ வைத்து, முக்காடிட்டு நிற்கையில் அவனுக்குக் கிடைப்பது கலப்பில்லாத உவகை. வெளிநாட்டிலிருந்து வந்த மச்சாள் ஒருத்தி மணப்பெண் இடத்துக்குப் போட்டியிடுகிறாள். சண்டை முற்றி, அத்தை ஒருத்தி அவனைச் சேலையோடு பெரியவர்கள் முன்னால் இழுத்துவந்து நிறுத்துகிறாள். ஒரு மாமா சிரிக்கிறார். விளையாட்டில் பிறந்த உவகை, எள்ளலில் பிறந்த நகையின் முன்னால் வந்து நிற்கும் இடம் அது. ஒரே கூடம், ஒரே குடும்பம். கெட்டவர் என்று சுட்ட அங்கே ஒருவரும் இல்லை.

அந்தச் சிரிப்பு நமக்கு நன்றாகப் பழகியது. பெண்மை கலந்த ஆண் திரையில் வந்தாலே அரங்கம் சிரிக்க வேண்டும் என்று நம் சினிமா பல்லாண்டுகள் நம்மைப் பழக்கியிருக்கிறது. அந்தப் பழக்கத்தோடுதான் தமிழ் வாசகர் இந்தக் கூடத்துக்குள் நுழைகிறார். மாமாவோடு சேர்ந்து சிரிப்பதா, சேலைக்குள் நிற்கும் பையனோடு நிற்பதா என்பதை ஒரு வரிக்குள் முடிவுசெய்தாக வேண்டும்.

என்னை உலுக்கியது அதற்குப் பிறகு வருவது. அம்மா விசேஷங்களுக்குப் புறப்படும்போது அறையில் இருந்து, அவள் சேலை கட்டுவதையும் நகை அணிவதையும் பார்ப்பது அர்ஜிக்கு வழக்கம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அம்மா அவனை உள்ளே விடுவதில்லை, கதவைச் சாத்திவிடுகிறாள். அவளுக்கு அவன்மேல் வெறுப்பு இல்லை. ஏன் கூடாது என்று அவன் கேட்டால் சொல்ல அவளிடம் காரணமும் இல்லை. வன்முறை என்றதும் அடியையும் ஏச்சையும் நினைக்கிறோம். அன்புள்ள தாய் ஒருத்தி காரணம் சொல்ல முடியாமல் சாத்தும் கதவு அதே வரிசையில் வந்து நிற்கும் என்பதை எனக்கு எந்தக் கோட்பாட்டு நூலும் இவ்வளவு தெளிவாகக் காட்டியதில்லை.

இந்த நாவலைப் பற்றி நான் கேட்ட உரையாடல்கள் இரண்டு வகை. தமிழர் பலர் இதை, இலங்கைத் தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரத்தின் ஆவணமாகப் பேசுகிறார்கள். கடைசிக் கதை நாட்குறிப்பாகவே எழுதப்பட்டிருப்பதும், வீடு எரிவதும், தாத்தாவும் பாட்டியும் காரோடு எரிக்கப்படுவதும் அதற்குக் காரணம். பையனின் காதல் அங்கே அடிக்குறிப்பாகிவிடுகிறது. மேற்கில் பேசுபவர்களுக்கோ இது தன்பாலீர்ப்புள்ள சிறுவன் வளரும் கதை. கலவரம் பின்னணிக் காட்சி. இரு சாராரும் தத்தமக்கு வசதியான பாதியை எடுத்துக்கொள்கிறார்கள். நாவலின் கட்டுமானம் அந்த வெட்டுக்கு இடம் தரவில்லை. அர்ஜி நேசிக்கும் ஷெஹான் சிங்களவன். அதற்கு முன்பே அவனுடைய ராதா ஆன்ட்டி அனில் என்ற சிங்களவனை விரும்பி, இரு குடும்பங்களின் எதிர்ப்பிலும் இனவெறுப்பிலும் அந்தக் காதலை இழந்து, வீட்டார் பார்த்த மாப்பிள்ளையை மணக்கிறாள். யாரை நேசிக்கலாம் என்று அவளுக்குச் சொன்ன அதே வீடுதான் அர்ஜிக்கும் சொல்லப்போகிறது. ஷெஹான் சிங்களவன், தான் அல்ல என்பது கலவர நாட்களில்தான் அர்ஜிக்கு உறைக்கிறது. இனத்தின் பெயரால் எரிக்கப்பட்டவர்களுக்காக அழுதுவிட்டு, அதே பிள்ளையின் காதலை வேகமாகப் புரட்டிவிட்டுப் போகும் வாசிப்பைப் பாதி வாசிப்பு என்றே சொல்வேன்.

அச்சத்துக்கு வருகிறேன். இஸ்மத் சுக்தாயின் ‘லிஹாஃப்’ (ரஜாய்) என்ற உருதுச் சிறுகதை 1942-இல் வெளிவந்தது. நவாபின் அலட்சியத்தால் வாடிய ஒரு பேகத்துக்கும் அவருடைய பணிப்பெண்ணுக்கும் இடையிலான உறவை, இரவில் சுவரில் அசையும் ரஜாயின் நிழலைக் கண்டு மிரளும் ஒரு சிறுமியின் கண் வழியாகச் சொல்வது. வசைக் கடிதங்கள் குவிந்தன. லாகூர் நீதிமன்றத்தில் ஆபாச வழக்கு நடந்தது. எழுத்தாளர் மண்ட்டோவும் தம் கதைக்காக அங்கே நின்றார். ஆபாசமான ஒரு சொல்லைக்கூடக் கதையில் எடுத்துக்காட்ட முடியாமல் வழக்கு விழுந்தது. ஆனால் என்னால் மறக்க முடியாத எதிர்வினை நீதிமன்றத்தில் நடந்ததல்ல. அந்தப் பேகத்துக்கு முன்மாதிரியாக இருந்த பெண்மணியைப் பல ஆண்டுகள் கழித்து அலிகாரில் சந்திக்க நேர்ந்ததைச் சுக்தாய் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். என்ன சொல்வாரோ என்று எழுத்தாளர் நடுங்கினார். அவரோ நவாபை விலக்கி, மறுமணம் செய்து, ஒரு மகனுக்குத் தாயாகியிருந்தார். சுக்தாயை அன்போடு விருந்துக்கும் அழைத்தார். அவர் ‘திருந்திவிட்டார்’ என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கதையில் தன் சிறையைப் பார்த்த ஒரு வாசகி அதிலிருந்து வெளியே நடந்தார். கதையை வழக்கு மன்றத்துக்கு இழுத்தவர்களைவிட அதை நன்றாக வாசித்தவர் அவர்தான்.

தமிழில் நமக்கு அழுகை எளிதாக வருகிறது. கி. ராஜநாராயணனின் ‘கோமதி’ சிறுகதையைத் தொடர்ந்து, சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ ஆனந்த விகடனில் தொடராக வந்தபோது, சுயம்பு, மேகலை என்ற திருநங்கையாக மாறும் கதை இலட்சக்கணக்கான வீடுகளுக்குள் நுழைந்தது. அது பெரிய காரியம். அந்த நாவலுக்கு நான் நன்றியுள்ளவன். ஆனாலும் அது வாசகரிடம் கேட்டது இரக்கத்தை. இரங்குபவர் பாதுகாப்பான இடத்தில் நின்றுகொண்டே இரங்கலாம். லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான், வித்யா’ என்ற தன்வரலாறும், ப்ரியா பாபுவின் ‘மூன்றாம் பாலின் முகம்’ என்ற நாவலும் அந்த இடத்தை வாசகரிடமிருந்து பறித்தன. சொந்தக் குரலில் பேசுபவர் இரக்கத்தைக் கேட்பதில்லை, கணக்கைக் கேட்கிறார். அந்தக் குரலின் கோபத்துக்கு முன் நமக்கு என்ன ஆகிறது என்று எழுதிய தமிழ் விமர்சனம் மிகக் குறைவு.

உவகையின் முன்னால் நமக்கு இன்னும் சிரமம். இ. எம். ஃபார்ஸ்டர் 1913-14-இல் ‘மாரிஸ்’ நாவலை எழுதினார். இரண்டு ஆண்கள் காதலித்துச் சேர்ந்து வாழப் போவதாக முடித்தார். அந்த மகிழ்ச்சியான முடிவை விட்டுத்தர அவருக்கு மனமில்லை. அப்படி ஒரு முடிவோடு அன்றைய இங்கிலாந்தில் வெளியிடவும் வழியில்லை. நண்பர்களின் கைகளுக்குள்ளேயே கைப்பிரதி சுற்றி, அவர் இறந்த பிறகு 1971-இல்தான் அச்சேறியது. படித்த நண்பர்களில் லிட்டன் ஸ்ட்ரேச்சி, இந்த ஜோடி நெடுநாள் தாங்காது என்று எழுதினார். ஆண்களை நேசித்த, அவ்வளவு கூர்மையான வாசகருக்கே அந்த மகிழ்ச்சியை நம்ப முடியவில்லை. துக்கத்தை உடனே நம்பி, சந்தோஷத்துக்குச் சான்று கேட்கும் பழக்கம் நம்மிடமும் இருக்கிறது. பால்புதுமையர் கதை ஒன்று நன்றாக முடிந்தால் ‘யதார்த்தமாக இல்லை’ என்று மதிப்புரை எழுதுகிறோம். யாருடைய யதார்த்தம் என்பதை இங்கே இரண்டு நாளும் பேச வேண்டும்.

வாசகர் தன்னைப் பதிவில் வைப்பது ஆய்வின் கறாரைக் குலைக்கும் என்று அஞ்சுபவர்களுக்கு ஒரு முன்னுதாரணம். 2021-இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பெற்றோர் எதிர்ப்பிலிருந்து பாதுகாப்புக் கேட்டு வந்த இரு பெண்களின் வழக்கை விசாரித்தார். தனக்கு இருந்த முன்முடிவுகளையும், அவற்றைக் களைய உளவியலாளரிடம் அமர்வுக்குச் சென்றதையும் ஆணையிலேயே எழுதினார். தீர்ப்பின் வலு அதனால் குறையவில்லை. பாலீர்ப்பை மாற்றும் ‘சிகிச்சை’களைத் தடுக்கும் உத்தரவு அந்த வழக்கிலிருந்தே பிறந்தது. ஒரு நீதிபதி செய்ததை ஆய்வாளரும் செய்ய முடியும்.

ஒரு கண்டிப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். எதிர்வினையைச் சொல்லுங்கள் என்பதை, உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்று எவரும் திரித்துக்கொள்ளக் கூடாது. தன்பாலுறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவின் பிடி 2018 செப்டம்பர் 6-இல் தளர்ந்தது. வீடுகளின் பிடி அதே நாளில் தளரவில்லை. இந்த அரங்கில் தன் கதையை வீட்டில் சொல்ல முடியாத மாணவர் இருக்கலாம். ‘இந்தப் பக்கத்தை நான் மூன்று முறை படித்தேன்’ என்று அவர் சொன்னால், ஏன் என்று துருவாதீர்கள். அந்தப் பக்கத்தைத் திறந்து நீங்களும் படியுங்கள். அமர்வுத் தலைவர்கள் இதைக் காக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.