நாற்பதுக்கு மேல் அலங்காரம் யாருக்காக?



"நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு ஒப்பனை அவசியமா?" என்பது எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு. படித்ததும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஐம்பது வயது ஆடவர் தலைக்குச் சாயம் பூசி, வாசனைத் தைலம் தடவிக்கொண்டு கிளம்பினால், இது அவசியமா என்று எந்த அரங்கிலும் யாரும் கேட்பதில்லை. பெண்ணுக்கு மட்டும் வயது கணக்குப் பார்க்கிறார்கள்.

அழகுக் கலைத் தொழிலில் எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நடுத்தர வயது மாதர்கள் நாற்காலியில் உட்கார்ந்ததும் பெரும்பாலும் ஒரே வார்த்தையைத்தான் சொல்வார்கள்: "ரொம்பப் போட்றாதம்மா, பாக்குறவங்க ஏதாவது சொல்லுவாங்க." மகளின் திருமணத்திற்கு வந்திருப்பார்கள். மகளுக்கு ஆயிரம் வெள்ளி செலவு செய்யத் தயங்காதவர்கள், தங்கள் முகத்திற்கு ஐம்பது வெள்ளி செலவு செய்யக் கூச்சப்படுவார்கள். கணவரை இழந்தவர்களின் தயக்கம் இன்னும் பெரிது. பொட்டு வைக்கலாமா, உதட்டுக்கு இலேசாகச் சாயம் பூசலாமா என்று யாரிடமோ அனுமதி கேட்பதுபோல் மெதுவாகக் கேட்பார்கள். வையுங்கள் அம்மா என்பதுதான் என் பதில். சின்ன வயதிலிருந்து வைத்த பொட்டு அது. அதை எடுக்கச் சொல்லும் உரிமை யாருக்கும் இல்லை.

அலங்காரம் என்பது நமக்குப் புதிதாக வந்த நாகரிகமும் அல்ல. தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம் தாய்மார்கள் விடியற்காலையில் முழுக்கைச் சட்டை போட்டு, தலையில் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். மாலையில் மஞ்சள் பூசிக் குளித்து, பவுடர் போட்டு, பொட்டிட்டுப் பூ வைத்துக்கொண்டார்கள். பக்கத்துக் கம்பத்து மலாய்ப் பெண்களிடம் பழகியவர்கள் அரிசியில் செய்த பெடாக் செஜுக் பூசியதும் உண்டு. அன்று அவர்களை யாரும் அவசியமா என்று கேட்கவில்லை.

இனி விஷயத்திற்கு வருகிறேன். நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்துக்குள் முகம் மாறுகிறது. இது கற்பனை அல்ல, உடம்பின் வேலை. ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறையும்போது தோல் வறண்டு மெலிகிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாண்டுகளில், தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் சுமார் 30 விழுக்காடு குறைவதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். புருவம் அடர்த்தி குறைகிறது, கண்ணிமை தொய்கிறது. கன்னத்தில் மங்கு படர்கிறது. இருபத்தைந்து வயதில் கற்றுக்கொண்ட ஒப்பனை இந்த முகத்தில் உட்காராது. கண்ணாடியைப் பார்த்துவிட்டு "எனக்கு வயசாயிடுச்சு, இனிமே எதுக்கு" என்று ஒப்பனைப் பெட்டியை மூடிவிடுகிறார்கள். முகத்திற்கு ஒன்றும் ஆகவில்லை. முறையைத்தான் மாற்ற வேண்டும்.

முதலாவது, பவுடரைக் குறையுங்கள். வறண்ட தோலில் பவுடர் போய்ச் சுருக்கங்களில் தங்கி, இல்லாத கோட்டையும் எடுத்துக் காட்டும். முகம் கழுவியதும் ஈரப்பதம் தரும் கிரீம் பூசி ஐந்து நிமிடம் காத்திருங்கள். பிறகு திரவ பவுண்டேஷன், அதுவும் தேவையான இடத்திற்கு மட்டும். பவுடர் மூக்கிற்கும் நெற்றிக்கும் போதும்.

இரண்டாவது, நிறம். நம் பெண்களில் பலர் தங்கள் நிறத்தைவிட இரண்டு படி வெளுத்த பவுண்டேஷன் வாங்குகிறார்கள். கல்யாண மண்டபத்து வெளிச்சத்தில் முகம் சாம்பல் பூத்தது போலவும், கழுத்து வேறொருவருடையது போலவும் தெரிவது இதனால்தான். கடைக்காரர் மணிக்கட்டில் தடவிக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தாடை ஓரத்தில் தடவி, வாசலுக்குப் போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எங்கே தடவினோம் என்று தெரியாமல் போவதுதான் உங்கள் நிறம். ஒரு காலத்தில் நம் நிறத்திற்கு ஏற்ற பவுண்டேஷன் கிடைப்பதே அரிதாக இருந்தது. 2017-இல் பாடகி ரிஹானா தம் ஃபென்டி பியூட்டி நிறுவனத்தின் வழி 40 நிறங்களில் பவுண்டேஷனை வெளியிட்ட பிறகு, மற்ற நிறுவனங்களும் கறுத்த நிறங்களைக் கூட்டின. கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால், வெளுத்த கன்சீலரை அப்பாதீர்கள். முதலில் ஆரஞ்சு சாயலுள்ள பூச்சை மெல்லியதாகத் தடவி, அதன்மேல் உங்கள் நிறத்தைப் பூசுங்கள்.

கண்ணுக்குள் தீட்டும் மை இந்த வயதில் வழிந்து இறங்கும். மேல் இமையின் ஓரத்தில் மட்டும் கோடு போடுங்கள். எழுத்துக் கண்ணாடி போட்டால்தான் கிட்டத்தில் தெரிகிறது, கண்ணாடி போட்டால் மை தீட்ட முடியவில்லை என்பது எல்லோருக்கும் உள்ள தொல்லை. பெருக்கிக் காட்டும் கண்ணாடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், தீர்ந்தது.

ஒட்டும் பொட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் பசையிலுள்ள ஒரு வகை இரசாயனம் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கி, பொட்டு வைத்த இடத்திலேயே தோலை வெளுக்கச் செய்யும். அரிப்பு வந்த உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஒவ்வாமை இல்லாதவர்களும் இரவில் எடுத்துவிட்டுத் தூங்குங்கள். தலைச்சாயமும் அப்படியே. கருப்பு மருதாணி என்று விற்பதில் பெரும்பாலும் இரசாயனச் சாயம்தான் கலந்திருக்கும்.

இப்போது நான் உண்மையில் பேச வந்த விஷயம். மங்கு வந்ததும் நம் பெண்கள் தேடிப் போவது வெளுக்க வைக்கும் கிரீமை. பசார் மாலாமில் விற்கிறது, இணையத்தில் விற்கிறது, தோழி ஒருத்தி கொண்டுவந்து தருகிறாள். டப்பாவில் தயாரிப்பாளர் முகவரி இருக்காது, என்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியலும் இருக்காது. ஒரே வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகும். பயப்பட வேண்டியதே அந்த வேகத்தைப் பார்த்துத்தான். அவ்வளவு சீக்கிரம் வெளுக்க வைப்பது பாதரசமாகவோ, ஸ்டீராய்டாகவோ இருக்கலாம். ஸ்டீராய்டு தோலை மெலியச் செய்து இரத்தக் குழாய்களை வெளியே காட்டும். ஹைட்ரோகுவினோனை மருத்துவர் கண்காணிப்பின்றி நெடுநாள் பூசினால், குறிப்பாகக் கறுத்த தோலில், நீலம் கலந்த கருமை நிலையாகப் படிந்துவிடலாம். வெளுக்கப் போட்ட கிரீமே கறுக்க வைக்கும் கொடுமை அது.

பாதரசம் தோலோடு நிற்பதில்லை. தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தைத் தாக்கும். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2021 முதல் 2023 வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே வகைப் பாதிப்பு. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். பூசுகிறவரோடும் இது முடிவதில்லை. துண்டிலும் தலையணை உறையிலும் ஒட்டி, ஆவியாகி, வீட்டிலுள்ள பேரப்பிள்ளைகளின் உடம்பிலும் சேரும்.

நம் நாட்டில் அழகுப் பொருட்களை சுகாதார அமைச்சின்கீழ் உள்ள என்.பி.ஆர்.ஏ. கண்காணிக்கிறது. முறைப்படி அறிவிக்கப்பட்ட பொருளுக்கு என்.ஓ.டி. என்று தொடங்கி கே என்று முடியும் எண் இருக்கும். அந்த எண்ணை அதன் இணையத்தளத்தில் தட்டிப் பாருங்கள். அதே பெயர் வருகிறதா என்று கவனியுங்கள். எண் இருந்தாலே அரசாங்கம் சோதித்துப் பார்த்துக் கொடுத்தது என்று பொருளல்ல. நிறுவனம் தானே அறிவிக்கிறது; பிறகுதான் சோதனை. நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டு அறிவிப்பு ரத்தான பொருட்களின் பெயர்களை என்.பி.ஆர்.ஏ. அவ்வப்போது வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். 1984-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, அறிவிக்கப்படாத பொருளை விற்கும் தனிநபருக்கு முதல் குற்றத்திற்கே 25,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ விதிக்கலாம். ஆகவே, பகுதி நேர வருமானத்திற்காகத் தோழிகளுக்கு விற்கும் சகோதரிகளும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் மங்குக்கு என்ன செய்வது? முதல் மருந்து சன்ஸ்கிரீன். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், இரண்டு விரல் நீளத்திற்குப் பிதுக்கி, முகம் கழுத்து இரண்டிற்கும் பூசுங்கள். "நான் வீட்டுலதானே இருக்கேன்" என்பார்கள். துணி காயப்போட, பிள்ளையைப் பள்ளியில் விட, பசாருக்குப் போக வெயிலில்தானே நிற்கிறோம்? நம் நாட்டில் காரோட்டுகிறவருக்கு வலப்பக்கம் ஜன்னல். பக்கவாட்டுக் கண்ணாடி வெயிலின் எல்லாக் கதிர்களையும் தடுக்காது. நம்மைப் போன்ற கறுத்த தோலில், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே மங்கைக் கூட்டும். வெள்ளைச் சன்ஸ்கிரீனைவிட, இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள சன்ஸ்கிரீன் அதற்கு நல்ல தடுப்பு. முகத்திற்கு அது ஒப்பனையாகவும் ஆகிவிடுகிறது. இதையும் மீறி மங்கு குறையாவிட்டால், தோல் மருத்துவரிடம் போங்கள். மாதக் கணக்கில் ஆகும், பொறுமை வேண்டும்.

இந்த அரங்கிலேயே அப்படிப்பட்ட கிரீமைப் பூசிக்கொண்டிருப்பவர்கள் இருக்கலாம். கையைத் தூக்கச் சொல்லமாட்டேன். இன்றோடு பூசுவதை நிறுத்திவிட்டு, டப்பாவை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு கிளினிக்கிற்குப் போங்கள். ஸ்டீராய்டு கலந்திருந்தால், நிறுத்தியதும் முகம் சிவந்து எரியும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடியும் பூசத் தொடங்கிவிடாதீர்கள், மருத்துவர் அதற்கு வழி சொல்வார். கால் வீக்கமோ, சிறுநீரில் நுரையோ இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லி, சிறுநீர்ப் பரிசோதனை கேளுங்கள். டாக்டர் ஏசுவார் என்று டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகாதீர்கள். உள்ளே என்ன இருந்தது என்று அவர் கண்டுபிடிக்க அந்த டப்பா வேண்டும்.

நேரம் முடிந்துவிட்டதாக அறிவிப்பாளர் கை காட்டுகிறார்.