வரவும் செலவும் புகையும்

மாதச் சம்பளம் கைக்கு வந்ததும் மளிகைக்கு இவ்வளவு, பிள்ளைகளின் பள்ளி வேனுக்கு இவ்வளவு என்று நம் தாய்மார்கள் பிரித்து வைக்கிறார்கள். அந்த வரவு செலவுக் கணக்கோடு இன்னொரு கணக்கும் கூடவே ஏறிக்கொண்டு வருகிறது. அதுதான் புகைக் கணக்கு.

நிலக்கரி, எண்ணெய், எரிவாயு ஆகியவற்றை எரித்தால் கரியமில வாயு வெளியாகிறது. அது வானத்தில் தங்கி, பூமியின் சூட்டை வெளியே விடாமல் போர்வைபோல் மூடிக்கொள்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு உண்டாகும். 14 கிலோ சமையல் கேஸ் தோம்பு ஒன்று தீர்ந்தால் 42 கிலோ. விளக்கைத் தட்டினால் புகை தெரிவதில்லை. ஆனால் நம் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலும் எரிவாயுவிலும் பிறக்கிறது. கிள்ளானுக்கு வடக்கே காப்பாரில் உள்ள மின் நிலையமும் நிலக்கரி எரிப்பதுதான். ஒரு யூனிட் மின்சாரத்திற்கு முக்கால் கிலோ என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

இப்போது இரண்டு குடும்பங்களைக் கற்பனை செய்து பார்ப்போம். ஒன்று, தோட்டத்தை விட்டுப் பண்டமாரான் பக்கம் மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் குடியேறிய குடும்பம். மாதம் 150 யூனிட் மின்சாரம், மோட்டார் சைக்கிளுக்கு 20 லிட்டர் பெட்ரோல், ஒரு கேஸ் தோம்பு. மொத்தம் சுமார் 200 கிலோ கரியமில வாயு. மற்றொன்று, அறைக்கொரு ஏர்கோனும் மூன்று கார்களும் உள்ள மாளிகை. 1,200 யூனிட் மின்சாரம், 300 லிட்டர் பெட்ரோல், அங்கும் ஒரு கேஸ் தோம்பு. மொத்தம் 1,600 கிலோவைத் தாண்டுகிறது. எட்டு மடங்கு!

கேஸ் தோம்பு இரு வீட்டிலும் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். பணக்காரருக்கும் ஏழைக்கும் வயிறு ஒரே அளவு. வருமானம் கூடும்போது சமையல் புகை அவ்வளவாகக் கூடுவதில்லை. குளிர்ச்சிக்கும் பயணத்திற்கும் புதுப்புதுப் பொருள்களுக்கும் ஆகும் புகைதான் கூடுகிறது. பண்டமாரானை அடுத்த கிள்ளான் துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்குப் பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றிலுள்ள கைத்தொலைபேசியும் துணிமணியும் ஆலையிலும் கப்பலிலும் புகைவிட்ட பிறகே நம் வீட்டுக்கு வந்து சேர்கின்றன.

உலகக் கணக்கும் இதையே சொல்கிறது. ஆக்ஸ்ஃபாம் என்னும் தொண்டு நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கைப்படி, 1990 முதல் 2015 வரை வெளியான கரியமில வாயுவில் 52 விழுக்காடு, உலக மக்களில் மிகுந்த வருமானமுள்ள பத்தில் ஒரு பங்கினருடையது. வருமானம் குறைந்த பாதிப் பேரின் பங்கு 7 விழுக்காடு மட்டுமே.

ஆனால் துன்பம் வரும்போது இந்தப் பங்கு தலைகீழாகிவிடுகிறது. காற்று ஒரு பாகை சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்கும். மழை கொட்டும்போது அவ்வளவும் சேர்ந்து கொட்டும். 2021 டிசம்பரில் கிள்ளானும் ஷா ஆலமும் வெள்ளத்தில் தவித்தன. ஸ்ரீ மூடா குடியிருப்பில் மக்கள் கூரைமேல் ஏறி உதவிக்குக் காத்திருந்தார்கள். மெத்தையும் அலமாரியும் நனைந்துபோனால், வசதியுள்ளவர் புதிதாக வாங்குவார். நாள் கூலிக்காரர் கடன்தான் வாங்க வேண்டும். வெயில் ஏறினாலும் செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கு நிழல் ஏது?

ஆகவே, புகையைக் குறைக்க நாங்கள் இன்னும் வயிற்றைக் கட்ட வேண்டுமா என்று நீங்கள் கேட்டால், வேண்டாம் என்பதே என் பதில். பிள்ளை படிக்கும் விளக்கையும், பாட்டிக்குச் சுழலும் விசிறியையும், மருத்துவமனைக்குப் போகும் பயணத்தையும் குறைக்காதீர்கள். அவை தேவைகள்.

கவனம் வேண்டிய இடம் வேறு. மகனோ மகளோ வேலைக்குப் போய், வீட்டு வருமானம் உயரும் காலம் அது. அப்போது எடுக்கும் முடிவு பத்தாண்டுகளுக்கு நம்மைக் கட்டிப்போடும். ஏர்கோன் ஓடும் நேரத்தில் விசிறியைப்போல் பத்து மடங்கு மின்சாரம் தின்னும். வாங்குவதானால் எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையைப் பாருங்கள். ஐந்து நட்சத்திரம் உள்ளது குறைவாகத் தின்னும். 25 பாகையில் வைத்து விசிறியும் போட்டால் போதும். கோலாலம்பூரில் வேலையென்றால், காருக்குத் தவணை கட்டத் தொடங்குமுன் கொமுட்டர் ரயிலையும் எண்ணிப் பாருங்கள். கார் இருந்தால் நான்கு பேர் சேர்ந்து போங்கள். பக்கத்து வீட்டில் வாங்கிவிட்டார்கள் என்பதற்காகத் தவணைக்குப் பொருள் வாங்காதீர்கள். இவற்றில் புகை குறையும், கடனும் குறையும்.

தனி வீட்டால் முடியாததும் உண்டு. நேரத்திற்கு வரும் பேருந்து, சூடேறாத கூரை, அடைபடாத கால்வாய் ஆகியவற்றைக் குடியிருப்போர் ஒன்றுகூடித்தான் கேட்க வேண்டும். குறைவாகப் புகைவிட்டவர்கள் என்ற முறையில் அவற்றைக் கேட்கும் உரிமை உங்களுக்கு நிறையவே உண்டு.

இன்றிரவு மின்கட்டணச் சீட்டைப் பிள்ளைகளிடம் கொடுத்து, யூனிட்டை முக்காலால் பெருக்கச் சொல்லுங்கள். நம் வீட்டுப் புகைக் கணக்கு அங்கிருந்து தொடங்கட்டும்.