பொறியியலும் நம் பெண் பிள்ளைகளும்



1942 ஜூலை 20 அன்று நாகபுரியில் கூடிய ஒடுக்கப்பட்ட வகுப்பினர் பெண்கள் மாநாட்டில், ஒரு சமூகத்தின் வளர்ச்சியை அதன் பெண்கள் அடைந்த வளர்ச்சியைக் கொண்டே தாம் அளப்பதாக அண்ணல் அம்பேத்கர் சொன்னார். அதே மாதம் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவரிடம் வந்தது. பாசனமும் மின்சாரமும் அந்தத் துறையின் கீழ்தான் இருந்தன. சட்டம் எழுதிய அம்பேத்கரைப் பேசும் நாம், அணையும் மின்நிலையமும் திட்டமிட்ட அம்பேத்கரைப் பேசுவது குறைவு.

மறு ஆண்டு, 1943இல், கிண்டிப் பொறியியல் கல்லூரியில் அ. லலிதா மின்பொறியியல் முடித்தார். பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நின்றவர். அவர் துணிவை மதிக்கிறோம். அவருடைய தந்தை அதே கல்லூரியில் பேராசிரியர் என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். அவருக்குக் கதவைத் திறக்க உள்ளே ஆள் இருந்தது. கல்வராயன் மலைப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் கிடந்த மலை அது. அதன் சேலம் பக்கத்தில், கருமந்துறை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த ஒரு மாணவி 2025இல் சென்னை ஐ.ஐ.டி.க்குத் தேர்வானார். மகிழ்ந்தோம். ஒருத்தி போனதாலேயே மலை மாறிவிட்டது என்று எழுதுவதை மட்டும் ஏற்க முடியவில்லை.

கீழே கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் கள்ளச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. சம்பாதிக்கும் ஆள் போன வீட்டில் முதலில் நிற்பது பெண் பிள்ளையின் படிப்புதான்.

வழிகள் இல்லாமல் இல்லை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. அதில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசுடையவை. 2022 முதல் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ஆனால் கலந்தாய்வு, சான்றிதழ் கேட்கிறது. பட்டியல் சாதிக்கு வட்டாட்சியர் தருவார். பழங்குடிக்குக் கோட்டாட்சியர் வரை போக வேண்டும். கூலிக்குப் போகும் தாய் எத்தனை நாள் வேலையை விட்டு அலைவாள்? மதிப்பெண் இருந்தும் காகிதம் இல்லாமல் நின்றுபோவது இங்கேதான்.

இன்னொன்று, இது நம் தவறு. பிளஸ் டூ முடிவு வந்தபின்தான் நாம் ஊருக்குள் போகிறோம். பதினொன்றாம் வகுப்பில் கணக்கு, இயற்பியல், வேதியியல் உள்ள பிரிவை எடுக்காதவளிடம் அப்போது பொறியியல் பேசி என்ன பயன்? “பொட்டப்புள்ளைக்குக் கணக்கு எதுக்கு” என்று வீடும் சில சமயம் பள்ளியும் முடிவெடுப்பது பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த அந்தச் சில வாரங்களில். வருகிற மே மாதம் நாம் வெள்ளிமலையிலும் கருணாபுரத்திலும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் வீடுகளில் இருக்க வேண்டும், சான்றிதழ் விண்ணப்பங்களைக் கையோடு எடுத்துக்கொண்டு.