கல் மரம், சுருட்டு, கடலை மிட்டாய்: மாமா வீட்டுக்குப் போன கதை

இந்த எபிசோட்ல ஒரு ரோடு ட்ரிப். சென்னை டு திருநெல்வேலி, சுமார் 620 கிலோமீட்டர். விடியக்காலைல கிளம்பினா சாயங்காலம் போய்ச் சேர்ந்துடலாம். நாங்க ரெண்டு நாள் எடுத்துக்கிட்டோம்.

ஏன்னா, போற இடம் அப்படி. அம்மாவும் மாமாவும் பேசி ஆறு வருஷம் ஆச்சு. தாத்தா வீட்டைப் பாகம் பிரிக்கிறதுல வந்த மனஸ்தாபம். மாமாவுக்கு இதயத்துல பைபாஸ் ஆபரேஷன் முடிஞ்சுதுன்னு கேள்விப்பட்டதும், "ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடலாம்"னு அம்மாவே சொன்னாங்க. ஆனா கார்ல ஏறினதிலிருந்து ஜன்னலையே பார்த்துட்டு வந்தாங்க.

முதல் ஸ்டாப், பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர். மெயின் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ள போகணும். அங்க 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் படுத்துக் கிடக்கு, முழுசாக் கல்லா மாறி! வயசு சுமார் 12 கோடி வருஷம். அப்போ அந்தப் பக்கமெல்லாம் கடல். அடிச்சுட்டு வந்த மரம் சேத்துல புதைஞ்சு, கொஞ்சம் கொஞ்சமா கல்லாயிடுச்சு. 1940-ல எம்.எஸ். கிருஷ்ணன்ங்கிற புவியியல் அறிஞர் இதை அடையாளம் கண்டார். அம்மா கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் ரொம்ப நேரம் நின்னாங்க. "இதை அண்ணன் பார்த்திருக்குமா?"ன்னு கேட்டாங்க. அன்னைக்கு அவங்க பேசின முதல் வார்த்தை அதுதான்.

அடுத்து திருச்சி தாண்டி விராலிமலை. அங்க முருகனுக்குச் சுருட்டு படைக்கிற வழக்கம் இருக்கு. மழையிலயும் வெள்ளத்துலயும் தவிச்ச ஒரு பக்தருக்கு, முருகனே வந்து துணையா நின்னதா தலக் கதை. மலை முழுக்க மயில். "உன் தாத்தா இருந்திருந்தா இந்தக் கோயிலை விட்டு வந்திருக்கவே மாட்டார்"னு சொல்லி அம்மா சிரிச்சாங்க. தாத்தா சுருட்டுப் பிரியர்.

ராத்திரி மதுரையில தங்கிட்டு, மறுநாள் கோவில்பட்டி. கரிசல் மண்ணு நிலக்கடலை, வெல்லப்பாகு. அங்க செய்யற கடலை மிட்டாய்க்கு 2020-ல புவிசார் குறியீடு கிடைச்சுது. அம்மா ரெண்டு கிலோ வாங்கினாங்க. "மாமாவுக்கு சுகராச்சே"ன்னேன். "பார்க்கட்டும், போதும்"னாங்க.

மாமா வீட்டு வாசல்ல ஒரு நிமிஷம் யாருமே பேசலை. அத்தை தண்ணி கொண்டு வந்தாங்க. மாமாதான் ஆரம்பிச்சார்: "எந்த வழியாட்டி வந்திய? பைபாஸ்லயா?"

அம்மா பட்டுனு, "பைபாஸ் ஒனக்குத்தான் அண்ணே. நாங்க ஊருக்குள்ள புகுந்துதான் வந்தோம்"னாங்க.

மாமா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சார். தையல் வலிக்குதுன்னு அத்தை அதட்டினாங்க. அப்புறம் கல் மரம், சுருட்டு, மயில்னு ஒரு மணி நேரம் பேச்சு ஓடுச்சு. "நேரா வந்திருந்தா மத்தியானமே வந்திருக்கலாம்ல"ன்னு மாமா கோவிச்சுக்கிட்டார். எத்தனை மணிக்கு வருவோம்னு முந்தின நாள்லேர்ந்தே பார்த்துட்டு இருந்திருக்கார்!

வீட்டுப் பாகம் பத்தி யாரும் வாயைத் திறக்கலை. அது இன்னும் அப்படியேதான் இருக்கு. ஆனா இப்போ ஞாயித்துக்கிழமை ஆனா போன் வருது.

உங்களுக்கும் போகத் தயங்குற வீடு ஒண்ணு இருந்தா, வழியில எங்கேயாவது நின்னுட்டுப் போங்க. உள்ள நுழைஞ்சதும் பேச ஏதாவது வேணும்ல? உங்க ரூட்ல இப்படி விசித்திரமான இடம் எது இருக்குன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!