கடற்கரைச் சந்தையில் ஒரு பகல்

கடைக்குப் போதல் பேச்சுக்குரிய பொருளாகுமா என்று சிலர் ஐயுறலாம். அவசரமாகப் போய் வருவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆயினும், ஒரு பகலை ஒதுக்கி, கடலோர நகரொன்றில் ஆறுதலாகப் பொருள் பார்த்து, விலை பேசி வாங்குவது தனியானதோர் இன்பம். நெடுங்கேணி மக்களாகிய எங்களுக்கு அத்தகைய நகரம் முல்லைத்தீவு.

காலைப் பேருந்தில் ஏறினால், ஒட்டுசுட்டானையும் முள்ளியவளையையும் கடந்ததும் உப்புக் காற்று முகத்தில் வீசும். ஒருபுறம் நந்திக்கடற் களப்பு, மறுபுறம் பெருங்கடல். பெயரிலே முல்லை, நிலத்தாலோ நெய்தல். நெய்தல் நிலத்தார் மீனும் உப்பும் கொடுத்து மருத நிலத்து நெல்லைப் பெற்ற செய்தியைச் சங்க நூல்கள் கூறும். அப்பண்டமாற்றின் சாயலை இச்சந்தையில் இன்றும் காணலாம். கரைவலையிற் பட்ட மீன், களப்பு இறால், நெத்தலிக் கருவாடு ஆகியவை கடலின் பங்கு. கத்தரியும் பூசணியும் செத்தல் மிளகாயும் வயற்புறத்தின் பங்கு. அம்மிளகாயின் பூர்வீகமோ மெக்சிக்கோ; போர்த்துக்கேயர் காலத்தில் நம் பக்கம் வந்து சேர்ந்தது. சுளகு, கடகம், பனங்கட்டி, புழுக்கொடியல் ஆகியவை பனை தந்தவை.

“கூறு என்ன விலை, தங்கச்சி?” என்று கேட்டால் விலை உடனே வராது. “ஐயா எந்த ஊர்?” என்ற வினாவே முதலில் வரும். ஊரைச் சொன்னதும், அங்கே மழை எப்படி, நெல் எப்படி என்று விசாரிப்பார். வாடைக்காற்று எழுந்துவிட்டதா என்று நாமும் கேட்போம். முடிவில் விலை சற்றுக் குறையும். அன்றேல் கூறில் ஒரு மீன் கூடும். கட்டுப்படியாகாவிடின், “போயிட்டு வாறன், தங்கச்சி” என்று அடுத்த கூறுக்கு நகரலாம். அதில் எவருக்கும் கோபமில்லை.

இவ்வாறு பார்த்து, கேட்டு, வேண்டாமென்று விலகிச் செல்லும் உரிமை எங்கள் பகுதி மக்களுக்கு எந்நாளும் இருந்ததன்று. 1990 முதல் 2002 வரை நீடித்த பொருளாதாரத் தடையினால் எரிபொருள், பற்றரி, சீமெந்து போன்றவை அருமையாயின. துவிச்சக்கரவண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. கிடைத்ததே பொருள்; சொன்னதே விலை. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையைச் சிதைத்தது. 2009 மே மாதத்தில் போர் இம்மாவட்டக் கடற்கரையிலேயே முடிவுற்றது. மீண்டு வந்தோர் பானை சட்டியிலிருந்து யாவற்றையும் புதிதாகத் தேட வேண்டியிருந்தது.

அப்போது வேறொரு வணிகம் வாசல் தேடி வந்தது. தவணைக்குப் பொருள் கிடைத்தது. கையெழுத்திட்டாற் கடனும் கிடைத்தது. குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் பலர் வாரத் தவணை கட்ட இயலாது தவித்தனர். 2018ஆம் ஆண்டில், வறட்சி வாட்டிய மாவட்டங்களின் பெண்களுக்கு நுண்கடன் நிவாரணத்தை அரசு அறிவிக்க நேர்ந்தது. கடன்பட்டோரைக் குறை கூறுவது முறையன்று. ஒன்றுமே இல்லாத வீட்டுக்கு எல்லாமே அவசரம்.

ஆகவே, பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். சந்தைக்குப் போகும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். மீனின் செவுளை விலக்கிப் பார்க்கவும், தராசைக் கவனிக்கவும், மீதிப் பணத்தை எண்ணவும் பழகட்டும். நாளை ஒருவர் தவணைப் பத்திரத்தை நீட்டும்போது, எல்லாத் தவணைகளையும் கூட்டி, ரொக்க விலையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு வேண்டும். “ஆறுதலாக யோசித்துச் சொல்கிறேன்” என்று மரியாதையுடன் கூறி, அப்பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்கும் துணிவும் வேண்டும். அத்துணிவைப் பழகச் சந்தையைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறில்லை.