பட்டியலில் பெயர் உண்டா?

மும்பையில் குடியேறிய நம்மவர்கள் பேச்சில் 'சொஸைட்டி' என்ற சொல் நாள்தோறும் அடிபடுகிறது. 'சொஸைட்டியில் கேட்க வேண்டும்', 'சொஸைட்டிக்குப் பணம் கட்ட வேண்டும்' என்கிறோம். ஏதோ ஒரு மூன்றாம் மனிதரைப் பற்றிப் பேசுவது போன்ற தொனியில் சொல்கிறோம். அந்த மூன்றாம் மனிதர் நாமேதான். வீட்டுவசதிக் கூட்டுறவுச் சங்கத்துக் கட்டடத்தில் வீடு வாங்குகிறவர், சுவர்களுடன் கூடவே சங்கத்தின் பங்குகளையும் பெறுகிறார். ஐம்பது ரூபாய் மதிப்புள்ள சில பங்குகளுக்காகத் தரப்படும் அந்தப் பங்குப் பத்திரத்தைப் பெட்டியின் அடியில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். ஆனால் தேர்தல் வழக்குகள் பலவற்றுக்கு வேர் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

இந்த ஏற்பாடு இந்நகருக்குப் புதிதன்று. கன்னட நாட்டுக் கடற்கரையிலிருந்து பிழைப்புக்காக அன்றைய பம்பாய்க்கு வந்த சாரஸ்வதர்கள், வாடகை வீடு கிடைக்காமல் தவித்து, 1915ஆம் ஆண்டில் காம்தேவியில் ஒரு வீட்டுவசதிச் சங்கம் கண்டார்கள். அதற்கு முன்னின்றவர் ஸ்ரீபாத் சுப்பராவ் தால்மகி. ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் தமக்கென ஒரு கூரை தேடியதில் பிறந்த முறை இது என்பது நமக்கு நினைவிருக்கத் தக்கது. இன்று மகாராஷ்டிரத்தில் இச்சங்கங்களை ஆள்வது 1960ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டம். வீட்டுவசதிச் சங்கங்களுக்கென அதில் தனி அத்தியாயம் ஒன்று 2019இல் சேர்க்கப்பட்டது.

சங்கத்தின் நிர்வாகக் கமிட்டி ஐந்தாண்டுகள் பதவி வகிக்கிறது. நூறு உறுப்பினர் வரையுள்ள சங்கத்தில் மாதிரித் துணைவிதிகளின்படி கமிட்டிக்குப் பதினொரு பேர். அவர்களில் இருவர் பெண்கள். தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரைக் கமிட்டியே தன்னுள்ளிருந்து தேர்ந்தெடுக்கிறது. தண்ணீர்த் தொட்டி முதல் பழுதுபார்ப்பு நிதி வரை அவர்கள் கையில்தான். பழைய கட்டடத்தை இடித்து மறுகட்டுமானம் செய்வதற்குப் பொதுக்குழுவின் சம்மதம் தேவை என்றாலும், பேச்சுவார்த்தையை நடத்துவதும் காகிதங்களைத் தயாரிப்பதும் கமிட்டியே. ஆகவே இத்தேர்தலை விநாயகர் சதுர்த்தி விழாக் குழுவின் தேர்தலைப் போல எண்ணிவிடலாகாது.

எனக்குத் தெரிந்த நண்பர் ஒருவர் செம்பூரில் வசிக்கிறார். வீடு அவருடைய தகப்பனார் பெயரில் வாங்கியது. தகப்பனார் திருநெல்வேலிச் சீமையில், தம் சொந்த ஊரில் காலமானார். மகன் பதினொரு ஆண்டுகளாக ஒரு மாதமும் தவறாமல் பராமரிப்புக் கட்டணம் செலுத்திவந்தார். கமிட்டித் தேர்தல் வந்தபோது வேட்புமனுத் தாக்கல் செய்தார். மனு தள்ளுபடியாயிற்று. காரணம் கேட்டார். 'நீங்கள் உறுப்பினரே அல்லவே!' என்றார் தேர்தல் அதிகாரி. நண்பர் ரசீதுக் கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒவ்வொரு ரசீதிலும் தகப்பனாரின் பெயரே இருந்தது.

அதிகாரி மீது குற்றமில்லை. பணம் கட்டுவது வேறு, உறுப்பினராயிருப்பது வேறு. உறுப்பினர் இறந்தால் அவர் குறித்துவைத்த நியமனதாரரைச் சட்டம் தற்காலிக உறுப்பினராக மட்டுமே ஏற்கிறது; வாரிசு யாரென முடிவாகி, அவர் முறைப்படி சேர்க்கப்படும் வரையில்தான் அந்த இடம். என் நண்பர் விஷயத்தில் அந்த முதற்படிகூட நடந்திருக்கவில்லை.

தகப்பனார் உயிரோடு இருந்து, ஊரில் தங்கியிருந்தால் மட்டும் மகன் வாக்களித்துவிட முடியுமா? முடியாது. ஒருவருக்கு ஒரு வாக்கு. அதை நேரில் வந்துதான் அளிக்க வேண்டும். பதிலாளை அனுப்புவதைச் சட்டம் ஏற்பதில்லை. அதிகாரப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டேன் என்று பலர் வாதாடுவதைக் கேட்டிருக்கிறேன். வாக்குச் சாவடியில் அது செல்லாது. பங்கு இருவர் பெயரில் கூட்டாக இருந்தால், பத்திரத்தில் முதலில் உள்ளவருக்கே வாக்கு. அவர் வராதபோது இரண்டாம் பெயருக்கு உரியவர் அளிக்கலாம். மனைவி, மகன், மகள் போன்ற உறவினரை உறுப்பினர் தம் விண்ணப்பத்தின் மூலம் இணை உறுப்பினராகச் சேர்த்துவைக்கவும் வழி உண்டு; அவர் முன்கூட்டி எழுத்தில் சம்மதம் தந்தால் இணை உறுப்பினர் அவருடைய உரிமையைச் செலுத்தலாம். ஓய்வு பெற்றபின் ஆண்டில் பாதியைக் கும்பகோணத்திலோ நாகர்கோவிலிலோ கழிக்கும் பெரியவர்களுக்கு இது மிகவும் பயன்படக்கூடிய ஏற்பாடு. அதை அறிந்திருப்போர் ஏனோ சிலரே.

பாக்கிதாரர் விவகாரம் இன்னொன்று. சங்கத்துக்குச் செலுத்த வேண்டிய தொகையை, உரிய அறிவிப்புக் கிடைத்து மூன்று மாதங்களுக்குள் கட்டாதவர் பாக்கிதாரராகிறார்; கமிட்டிக்கு நிற்கும் தகுதியை இழக்கிறார். கணக்கில் தகராறு இருக்கிறதென்று பணத்தை நிறுத்திவைக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. தேர்தல் ஆண்டில் அது எதிராளிக்கு வலியப் பரிசளிப்பதாகும். ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்துவிட்டுப் பணத்தைக் கட்டிவிடுவதே புத்திசாலித்தனம்.

இருநூற்றைம்பது உறுப்பினர் வரையுள்ள சங்கங்கள் விதிகளுக்குட்பட்டுத் தம் தேர்தலைத் தாமே நடத்திக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டவற்றில் மாநிலக் கூட்டுறவுத் தேர்தல் ஆணையம் தலையிடுகிறது. எந்த முறையானாலும் முதலில் தற்காலிக வாக்காளர் பட்டியல் வெளியாகும். ஆட்சேபம் சொல்ல அவகாசம் தரப்படும். பின்னர் இறுதிப் பட்டியல் வரும். அறிவிப்புப் பலகையில் மராத்தியில் ஒட்டப்படும் அந்தத் தாளை நம்மவரில் எத்தனை பேர் நின்று படிக்கிறோம்? மராத்தி வாசிக்க வராவிட்டால் அடுத்த வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்பதில் வெட்கமொன்றுமில்லை. பெயர் இல்லையேல் அந்த அவகாசத்துக்குள் எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிவிட வேண்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பட்டியல் தவறென்று வாக்குப்பதிவுக்கு முதல்நாள் உயர் நீதிமன்றத்துக்கு ஓடினால் தடை கிடைப்பது அரிது. மகாராஷ்டிரத்துப் பால் உற்பத்தியாளர் சங்கம் ஒன்றின் வழக்கில் 2001ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம், வாக்காளர் பட்டியல் தயாரிப்பும் தேர்தலின் ஒரு கட்டமே என்றும், தேர்தல் தொடங்கியபின் அதை நடுவில் நிறுத்துவது முறையன்று என்றும், குறையுள்ளவர் முடிவுக்குப் பின் தேர்தல் வழக்காகவே தொடர வேண்டும் என்றும் கூறியது. வீட்டுவசதிச் சங்கத் தேர்தல் தகராறு கூட்டுறவு நீதிமன்றத்துக்குப் போகிறது. அதற்குரிய காலவரையறை குறுகியது. யோசித்துக்கொண்டே மாதங்களைக் கழித்தவருக்கு அங்கே இடமில்லை. வழக்கு நடக்கும் காலத்தில், ஜெயித்தவர்களே பெரும்பாலும் நிர்வாகத்தில் அமர்ந்திருப்பார்கள்.

பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடத்தாமல் காலம் கடத்தும் கமிட்டிகளும் உள்ளன. அப்படிப்பட்ட இடங்களில் பதிவாளர் ஒரு நிர்வாகியையோ வேறு குழுவையோ நியமிக்கலாம். கேட்பதற்கு இதமாக இருக்கிறது. அந்த நிர்வாகிக்கான செலவைச் சங்கம்தானே ஏற்க வேண்டியிருக்கிறது!

கூட்டுறவு மாநில அதிகாரத்துக்குட்பட்டது என்பதையும் நேயர்கள் கவனிக்க வேண்டும். 2011ஆம் ஆண்டின் 97ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நாடு முழுவதற்கும் பொது நெறிகள் வகுக்க முயன்றது. மாநிலங்களின் ஒப்புதல் பெறாத காரணத்தால், மாநிலத்துக்குள் இயங்கும் சங்கங்களைப் பொறுத்தவரை அப்பகுதி செல்லாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே தில்லியில் இருப்போர் அங்குள்ள 2003ஆம் ஆண்டுச் சட்டத்தையும், பெங்களூரில் இருப்போர் கர்நாடகத்தின் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தையும், தத்தம் சங்கத்தின் துணைவிதிகளையும் பார்க்க வேண்டும். நான் சொன்ன எண்கள் அங்கே பொருந்தா.

செம்பூர் நண்பர் பிற்பாடு ஊருக்குச் சென்று வாரிசுக் காகிதங்களைப் பெற்று, சகோதரிகளிடம் கையெழுத்து வாங்கி, பங்குப் பத்திரத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அடுத்த தேர்தலில் பட்டியலில் அவர் பெயர் ஒழுங்காக இருந்தது. அதற்குள் கட்டடத்தின் மறுகட்டுமான ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. அதை முடிவு செய்த பொதுக்குழுக் கூட்டத்தில் அவர் கடைசி வரிசை நாற்காலியில், வாக்கில்லாமல் உட்கார்ந்திருந்தார்.