பயணியின் தகவல் யார் கையில்?

விமான டிக்கெட் வாங்கும்போது பெயர், கடப்பிதழ் எண், கைத்தொலைபேசி எண், உணவு விருப்பம், சக்கர நாற்காலித் தேவை என எல்லாமே ஒரே பதிவில் சேர்கின்றன. அந்தப் பதிவைத் திறக்கும் சாவி, ஆறு எழுத்து முன்பதிவுக் குறியீடு. முகப்பிடப் பணியாளர் பதிவைப் பார்க்காமல் பயணியை விமானத்தில் ஏற்ற முடியாது. ஆனால், வேலைக்காகப் பார்ப்பது வேறு. தெரிந்தவர் யாருடன் எங்கே போகிறார் என்று துருவிப் பார்ப்பது வேறு.

2020இல் ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் டோனி அபோட் தமது விமான அட்டையின் படத்தை இன்ஸ்டகிராமில் போட்டார். அதிலிருந்த குறியீட்டை வைத்தே ஒருவர் அவரது கடப்பிதழ் எண்ணைக் கண்டுபிடித்தார். பணியாளர்கள் தங்களுக்குள் எழுதிவைத்த குறிப்புகளும் கூடவே தெரிந்தன. பிறகுதான் குவாண்டாஸ் நிறுவனம் அந்த ஓட்டையை அடைத்தது.

மலேசியாவில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 15 நவம்பர் 2013 முதல் நடப்பில் உள்ளது. நிறுவனத்தின் சம்மதமின்றித் தெரிந்தே தகவலை வெளியிடுபவருக்கு 500,000 ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். தம்மைப் பற்றி என்ன தகவல் இருக்கிறது என்று எழுதிக் கேட்கும் உரிமை பயணிக்கு உண்டு.

சட்டம் காவல்தான்; ஆனால் கதவைப் பூட்ட வேண்டியவர் வீட்டுக்காரர். பயணம் முடிந்ததும் அட்டையைக் கிழித்துப் போடுங்கள். படமெடுத்து ஊருக்குக் காட்டாதீர்கள்.